முன்னால் யாருமில்லாத தண்ணீர்

ஹெரான் கோவ், நோவா ஸ்கோஷியா
ஜூன் 6, 2016

லியோனாவுக்கு,

நாட்டுக்குப் புதுக் கொடி ஏறிய வருடம் அது. சிவப்பு இலை போட்ட கொடியைப் பிப்ரவரிக் குளிரில் தபால் நிலையத்து வாசலில் ஏற்றினார்கள். கிழவர்களில் பாதிப் பேர் தொப்பியைக் கழற்றவில்லை. அதே வசந்தத்தில் லூத்தரன் கோயில் மணியில் விரிசல் விழுந்து, ஈஸ்டர் அன்று தகரத்தைத் தட்டினாற்போலச் சத்தம் வந்தது. ஹெர்ரிங் மீன் விரிகுடாவுக்குள் வராமலே போன வருடம். இலை உதிரும் காலத்தில் நியூயார்க்கே இருட்டிப்போனது என்று வானொலியில் சொன்னார்கள். அதற்குள் நீ ஊரை விட்டுப் போய்விட்டாய். வருடத்துக்கு எண் என்ன என்று ஆர்லீன் கேட்கிறாள். எண் எதற்கு? உனக்குத் தெரியும் எந்த வருடம் என்று.

ஆர்லீன் வீட்டு உதவிக்கு வருகிற பெண். சமைப்பாள், மாத்திரையை எடுத்துக் கையில் தருவாள், வாயும் அடிப்பாள். எனக்குக் கை நடுங்குகிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நான் சொல்கிறபடியே எழுத மாட்டேன், இலக்கணமாகத்தான் எழுதுவேன் என்று பிடிவாதம். எழுதட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். மர்ரே டானர் மார்ச் மாதம் இறந்துவிட்டான். உனக்குப் பிறகு ‘ஆக்னஸ்’ படகில் எனக்கு முன்னால் உட்கார்ந்து முன்பாயைப் பிடித்தவன் அவன்தான். வாயாடி மர்ரே என்றால் இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். “அதோ கறுப்பு மிதவை, அடுத்தது கல் திட்டு மிதவை, வலது பக்கம் விடணும், என் மச்சினிக்குப் பல் வலி,” என்று கரை தொடும்வரை பேசிக்கொண்டே வருவான். “இவனை எப்படிப்பா சகிச்சுக்கிறே?” என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். சத்தம் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன்.

ஆகஸ்டில் படகுச் சங்கத்தில் பழைய மரப் படகுகளுக்கு ஒரு பந்தயம். படகுக்கு இரண்டு பேர் வேண்டும். செப்டம்பரில் என்னை பிரிட்ஜ்வாட்டரில் முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போகிறார்கள். டாக்டர், என் மருமகள், ஆர்லீன் மூன்று பேரும் ஒரே பேச்சு. ஆகவே இந்தக் கோடையை விட்டால் எனக்கு வேறு கோடை இல்லை. நீ வந்து முன்பாய் பிடிப்பாயா? உன் கண்ணுக்குக் காற்று தெரியும். காற்று வருகிற இடத்தில் தண்ணீர் கறுப்பதை உன்னைப்போல முன்கூட்டிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

பழையதை மனதில் வைத்திருப்பாய் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

கார்னெட் ஹைஸ்லர்


கிங்ஸ்டன், ஒன்டாரியோ
ஜூன் 20

அன்புள்ள கார்னெட்,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். ஐம்பது வருடம் கழித்து ஒரு கிறிஸ்துமஸ் அட்டைகூட இல்லாமல், நேராக “வந்து முன்பாய் பிடி” என்கிறீர்கள். நீங்கள் மாறவே இல்லை.

பழையதை மனதில் வைத்திருக்கிறேனா? என் சமையலறை ஜன்னலில் ஏரி தெரியும். கோடை முழுதும் பாய்கள் போகும். நான் திரையை இழுத்துவிட்டுத்தான் பாத்திரம் கழுவுவேன். என் கணவர் இருந்தவரை ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெயில் கூசுகிறது என்பேன்.

எனக்கு அன்று பத்தொன்பது வயது. அந்தப் பந்தயத்தில் ஜெயித்த படகுதான் ஹாலிஃபாக்ஸ் போட்டிக்கு நம் சங்கத்தின் பெயரில் போகும். பெண்பிள்ளைக்குச் சுக்கான் தர மாட்டோம் என்று சொன்ன சங்கத் தலைவர் கமடோர் ஹாலட்டேகூட, “ஜெயிச்சிட்டு வா பாப்பா, ஹாலிஃபாக்ஸ்ல ஒரு ஓட்டம் நீயே ஓட்டு. என் வாக்கு,” என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். ஊரில் உங்களுக்கு ‘ரெண்டாம் கார்னெட்’ என்று பட்டப்பெயர். மூன்று கோடை நாம் சேர்ந்து ஓட்டினோம், மூன்று கோடையும் இரண்டாவதுதான். அன்றைக்குத்தான் மற்ற நான்கு படகும் கரையோரமாகப் போக, தீவுப் பக்கம் தண்ணீர் கறுத்ததை நான் காட்டினேன், நீங்கள் திருப்பினீர்கள். இரண்டாவது மிதவையைச் சுற்றியபோது நமக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் ஹாலட்டின் வெள்ளைப் பாய் கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது.

அப்போது நீங்கள் பாய்க்கயிற்றை விட்டீர்கள். படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்தினீர்கள். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. “என்ன பண்றீங்க? போங்க, போங்க!” என்று கத்தினேன். “கொக்கி உடைஞ்சிருச்சு,” என்றீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹாலட் நம்மைக் கடந்து போனபின் கொக்கி தானாகச் சரியாகிவிட்டது. அவர் பின்னாலேயே போனோம். இரண்டாவதாகவே வந்தோம். துறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

கரைக்கு வந்ததும் அந்தக் கொக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

நீங்கள் ஹாலட்டின் பாய் தைக்கும் கூடத்தில் வேலை பார்த்தீர்கள். முதலாளியைத் தோற்கடிக்க உங்களுக்கு மனம் வரவில்லை என்று அன்றே முடிவு செய்தேன். இன்றும் அதுதான் என் எண்ணம். அதற்குப் பிறகு நான் சுக்கானைத் தொட்டதில்லை.

வேறு யாரையாவது கேளுங்கள்.

லியோனா


ஹெரான் கோவ்
ஜூலை 1

லியோனாவுக்கு,

உன் கடிதத்தை ஆர்லீன் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். இரண்டாம் தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தாள். “நீங்க இப்படிப்பட்ட ஆளா?” என்று கேட்டுவிட்டு எனக்கு ஆறிப்போன தேநீர் கொடுத்தாள்.

என் அம்மா ஆக்னஸ் கல்லறைமேல் சத்தியம். ஹாலட்டுக்காக நான் நிறுத்தவில்லை. அவர் நல்ல முதலாளியும் இல்லை, நல்ல படகோட்டியும் இல்லை. மிதவையைச் சுற்றும்போது எப்போதும் அகலமாகத்தான் போவார், உள்ளே ஒரு வண்டி போகிற இடம் இருக்கும். அவரைத் தோற்கடித்தால் எனக்குக் கூடத்தில் வேலை போயிருக்காது. அவருடைய பாய் தைக்க வேறு யார் இருந்தார்கள்?

ஏன் நிறுத்தினேன் என்று கேட்காதே.

அந்த நாள் எனக்கு அங்குலம் அங்குலமாக நினைவிருக்கிறது. நீ நீல ஸ்வெட்டர், முழங்கையில் பச்சை நூலில் தைத்த ஒட்டு. தென்மேற்குக் காற்று, மதியத்துக்கு மேல் தெற்கே சாய்ந்தது. டானர் சகோதரர்கள் படகில் ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் ஜாடி உடைந்து நாற்றம் நம் படகு வரைக்கும் வந்தது. “அதைத் தின்னுட்டே தோக்கப் போறானுங்க,” என்று நீ சொன்னாய். ஹாலட் அன்றைக்குத் தாமதமாக வந்தார். எல்லோரும் படகில் ஏறி பாய் கட்டின பிறகுதான் கரும்பலகையில் பாதையை எழுதினார். புதுப் பாதை. நீதான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாய்.

பந்தயத்தில் நான் கற்றதெல்லாம் முன்னால் போகிற படகைப் பார்த்துக் கற்றதுதான். அவன் பாய் எப்போது சுருங்குகிறது, காற்று அவனுக்கு எங்கே செத்தது, எந்த மிதவையில் அவன் பயப்படுகிறான், எல்லாம் பின்னால் இருந்து பார்த்தால் தெரியும். இரண்டாவதாக இருப்பவனுக்குத்தான் பந்தயம் முழுதும் தெரியும், லியோனா. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

நீ கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு படம் போட்டிருக்கிறாயாம், இரண்டு மிதவை, ஒரு அம்புக்குறி, பக்கத்தில் ஏதோ எழுத்து. எழுத்து கலங்கிவிட்டது என்கிறாள் ஆர்லீன். படத்தைப் பார்த்தேன். நாம் நின்ற இடத்தைச் சரியாகப் போட்டிருக்கிறாய்.

படகுக்கு வண்ணம் அடித்துவிட்டேன். மேலே வெள்ளை, கீழே பச்சை, பழைய மாதிரியே.

கார்னெட்


கிங்ஸ்டன்
ஜூலை 11

அன்புள்ள கார்னெட்,

முதலில் ஆர்லீனுக்கு: அம்மா, இந்தக் கடிதத்தை அவர் தனியாக இருக்கும்போது மெதுவாகப் படியுங்கள். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

கார்னெட், நான் இங்கே முப்பது வருடத்துக்கு மேல் முதல் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளை இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளை. நான் சொன்ன கதையை வரி பிசகாமல் திரும்பச் சொல்லும். ஆனால் பக்கம் திருப்பும்போது மட்டும் பக்கத்துப் பிள்ளை திருப்பட்டும் என்று காத்திருக்கும். ஒரு மூச்சு தாமதம்தான். அதற்கு எழுத்து வராது என்பது வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பிள்ளை எப்போதும் இரண்டாவதாகத்தான் திருப்பும்.

உங்கள் இரண்டாவது கடிதத்தைப் படித்த இரவு அல்ல, மறுநாள் காலை பாத்திரம் கழுவும்போது கை நின்றுவிட்டது. வருடத்துக்கு எண் போடாத மனிதர். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவர். மர்ரேயின் வாயை ஐம்பது வருடம் சகித்தவர். ஒவ்வொரு மிதவையையும் பெயர் சொல்லிக் கத்துகிறவன் அவன்! சத்தம் பிடிக்கும் என்றீர்களே.

அன்று நான் கரும்பலகையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தேன். “பாத்தியா?” என்று கேட்டீர்கள். “பாத்தாச்சு,” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. நம் சங்கத்தில் சுக்கான் பிடிப்பவரிடம் “பாதை தெரியுமா?” என்று கேட்டால் அவமரியாதை, குடிகாரனைத்தான் அப்படிக் கேட்பார்கள். அதனால் நான் சொல்லவில்லை. நீங்களும் ஒரு சின்னப் பெண்ணிடம் இரண்டாம் தடவை கேட்கவில்லை. பிறகு நானே உங்களை எல்லோருக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். பின்பற்ற ஒரு படகு இல்லாத தண்ணீரில்.

உங்களுக்கு அடுத்த மிதவை எது என்று தெரியாது. இல்லையா?

எனக்குத் தெரியும், கார்னெட். கல் திட்டு மிதவை, இடது பக்கம் விட வேண்டும். உங்களுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து “போங்க, போங்க” என்று கத்திய நேரத்தில் எங்கே போக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் படத்தின் ஓரத்தில் அதைத்தான் எழுதியிருந்தேன். கலங்கியிருக்காது. உங்களைக் காப்பாற்ற ஆர்லீன் அப்படிச் சொல்லியிருப்பாள், அல்லது நீங்களே ஆர்லீனைச் சொல்ல வைத்திருப்பீர்கள். எதுவானாலும் சரி.

நான் வரட்டுமா?

லியோனா


ஹெரான் கோவ்
ஜூலை 19

லியோனாவுக்கு,

ஆர்லீன் படித்தாள். பிறகு அவளைத் தோட்டத்துக்குப் போகச் சொன்னேன். மழை பெய்கிறது என்றாள். குடை இருக்கிறது என்றேன்.

நான் உன் வகுப்புப் பிள்ளை இல்லை. எனக்கு எண்பத்திரண்டு வயது. எட்டு வயதில் அப்பாவோடு படகேறினேன், பள்ளிக்கூடத்து மணி கேட்கும்போது நான் கல் திட்டுக்கு அப்பால் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பேன். என் மனைவி டோரத்திக்கு மட்டும் தெரியும்; அவள் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உனக்கும் ஆர்லீனுக்கும் தெரிந்துவிட்டது. ஆர்லீன் தனக்கு முதல் வாரமே தெரியும் என்கிறாள். மாத்திரைப் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம்.

யாரிடமும் சொல்லாதே. நீ வர வேண்டாம். பரிதாபப்பட்டு ஒருத்தி முன்பாய் பிடிக்க வேண்டிய நிலையில் ‘ஆக்னஸ்’ இல்லை. பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லப்போகிறேன்.

கார்னெட்

(ஐயா தூங்குகிறார். அவர் இன்னும் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. பாய்க்குப் புதுக் கயிறு வாங்கி வரச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பினார். ஆர்லீன்.)


கிங்ஸ்டன்
ஜூலை 25

கார்னெட்,

பரிதாபமா? என் ஹாலிஃபாக்ஸ் போட்டி போனது, ஒரு ஆயுள் முழுதும் ஜன்னல் திரைக்குப் பின்னால் போனது. நான் கோபத்தில் வருகிறேன். யார்மேல் கோபப்பட வேண்டும் என்று ஐம்பது வருடம் தப்பாக நினைத்துவிட்டேனே, அந்தக் கோபத்தில்.

வியாழக்கிழமை மாலைப் பேருந்து. பிரிட்ஜ்வாட்டரில் யாராவது நிற்கட்டும். முழங்கால் சரியில்லை, முன்பாய்க்கு அது போதும். ஒரே ஒரு நிபந்தனை. சுக்கான் உங்களுடையது. பலகையை நான் படிப்பேன், ஒவ்வொரு மிதவையின் பெயரையும் வாய்விட்டுச் சொல்வேன், மர்ரேயைவிடச் சத்தமாக. கேட்கிறவர்கள் எனக்குக் கிழட்டுப் புத்தி என்று நினைக்கட்டும். முதல் வகுப்பு நடத்தியவளுக்குத் தொண்டை பிரச்சினை இல்லை.

இரண்டாவதாக வருவதற்கு நான் ஆயிரம் மைல் வரவில்லை.

லியோனா


பிரிட்ஜ்வாட்டர்
அக்டோபர் 3

லியோனாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்ததாகப் போட்ட அட்டை வந்தது. இங்கே அறை நன்றாகத்தான் இருக்கிறது. ஜன்னலில் ஆறு தெரியும், பாய் தெரியாது. வெள்ளிக்கிழமை மீன் போடுகிறார்கள். அதைப் பிடித்தவன் இறந்து பல வருடம் ஆகியிருக்கும். ஆர்லீன் தன் விடுமுறை நாளில் வந்து இதை எழுதுகிறாள், பாகு போட்ட மொலாசஸ் ரொட்டியும் கொண்டுவந்தாள்.

அன்றைக்குச் சரியாகப் பேச முடியவில்லை. துறையில் கூட்டம், உனக்கு முழங்கால், எனக்கு மூச்சு. அதனால் இப்போது சொல்கிறேன்.

நீ மறுபடி கறுத்த தண்ணீரைக் காட்டினாய். நான் திருப்பினேன். இரண்டாவது மிதவையைச் சுற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் முன்னால் யாரும் இல்லை. அதே இடம், லியோனா. அதே வெறும் தண்ணீர். என் கை கயிற்றை விடப் பார்த்தது, கை தானாகப் பார்த்தது. அப்போது நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், “கல் திட்டு மிதவை! இடது பக்கம்!” என்று கத்தினாய். கரையில் நின்ற நாய் குரைத்தது. நான் கயிற்றை இழுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக யார் முதுகையும் பார்க்காமல் படகு ஓட்டினேன். அது எப்படி இருந்தது என்று ஆர்லீனிடம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆகவே அவளுக்கு எழுதவும் தெரியாது.

அந்தச் சந்தோஷத்தில்தான் கெட்டது. முன்னால் போகிறவனைப் பார்ப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. முன்னால் போகிறவன் பின்னால் பார்க்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? முன்னால் இருந்ததே இல்லையே.

“கார்னெட், பின்னாடி பாருங்க!”

“பின்னாடி என்ன இருக்கு?”

“உங்கள மாதிரி ஒருத்தன்!”

ஹாலட்டின் பேரன் என் காற்றை மறைத்துக்கொண்டு வந்துவிட்டான். நம் பாய் செத்தது. முடிவுக் கோட்டுக்கு ஒரு கல்லெறி தூரத்தில் கடந்து போனான், போகும்போது தொப்பியைத் தூக்கினான், மரியாதை தெரிந்த பயல். துறையில் அத்தனை பேரும், “ரெண்டாம் கார்னெட்! ரெண்டாம் கார்னெட்!” அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று கத்தினவர்களில் ஒருவனுக்கும் தெரியாது. அவர்கள் அப்பாக்கள் சொல்லிக் கேட்டது. நீ சிரித்துச் சிரித்து முன்பாய்மேல் சாய்ந்துவிட்டாய். நானும் சிரித்தேன். நாம் ஜெயித்திருந்தால் நான் அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன், அதனால் இதுவே நல்லது.

நீ என்னிடம் கோபமாக வந்ததாகச் சொன்னாய். திரும்பிப் போகப் பேருந்து ஏறும்போது கோபம் இருந்ததா என்று கேட்க மறந்துவிட்டேன். அட்டையில் எழுதியிருக்கிறாயாம், சமையலறை ஜன்னல் திரையைக் கழற்றித் துவைத்தேன், திரும்ப மாட்டவில்லை என்று. ஆர்லீன் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். சரி, எனக்குப் புரிந்தது.

‘ஆக்னஸ்’ சங்கத்துக் கொட்டகையில் இருக்கிறது. அடுத்த கோடைக்குச் சுக்கான் பிடிப்பவர் பெயர் கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். ஹாலட் கொடுத்த வாக்கு ஹாலிஃபாக்ஸுக்கு; என்னால் முடிந்தது ஹெரான் கோவ் மட்டும்தான். யாராவது வாயாடியாகப் பார்த்து முன்பாய்க்குப் போட்டுக்கொள். பின்னால் பார்.

இன்னொன்று. யாரிடமும் சொல்லாதே என்று ஜூலையில் சொன்னேன் அல்லவா. இங்கே படுத்துக்கொண்டு, யாருக்குத் தெரிந்துவிடும் என்று இத்தனை வருடம் பயந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். அன்றைக்குத் தண்ணீரில் இருந்தவர்கள்தான். கமடோர் ஹாலட், பனிக்காலத்தில் மாடிப்படியில் விழுந்து செத்தார். அவருக்கு முன்பாய் பிடித்த மச்சினர் ஓவன், அடுத்த வருடமே. டானர் சகோதரர்களில் பெரியவன் கிளைட் புயலில் போனான், உடல் கிடைக்கவில்லை. சின்னவன் மர்ரே இந்த மார்ச்சில், சாகும் அன்றுகூடப் பேசிக்கொண்டு. போதகர் எர்ன்ஸ்ட், அவர் மகன், இருவரும் கோயில் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில். தபால்கார வெர்னன், அவனுடைய தம்பி ஸ்டான்லி, இரண்டு பேருக்கும் நெஞ்சுதான்.

நான் வெட்கப்பட வேண்டிய ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நான் ஏன் நிறுத்தினேன் என்று இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல். அன்று அந்தத் தண்ணீரில் இருந்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தி: நீல ஸ்வெட்டர், முழங்கையில் பச்சை ஒட்டு, லியோனா வென்ட்செல்.